குவைத்தில் உறைந்த முகம்

எனக்குச் செல்போனைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த எளிய உண்மையைச் சொல்ல எனக்கு இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது. இருபத்து நாலு வயதில் இதை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், அவருடைய போனை வாங்கி, அதில் உள்ள குறைகளை எண்ணிக் காட்டி, அரை மணி நேரம் வகுப்பெடுத்து அனுப்பியிருப்பேன்.

அப்போது வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கே நான்தான் போன் வைத்தியர். பி.காம். முடித்திருந்தேன், வேலை கிடைக்கவில்லை. வேலை இல்லாதவன் கையில் எந்நேரமும் போன் இருக்கும். எந்நேரமும் போன் வைத்திருப்பவனுக்கு அதைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பியது. (நானும் நம்பினேன். ஊர் நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாதில்லையா.) யாருடைய போனாவது உறைந்து நின்றால் என்னிடம் வரும். வாங்கி, கண்ணை இடுக்கிப் பார்த்து, "கேச் ஃபுல்லாயிருச்சு" என்பேன். கேச் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு தடவை அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும். மிச்சம் இருப்பவர்களிடம் சார்ஜரை மாற்றச் சொல்லிவிடுவேன்.

என் சொந்தப் போனுக்கு மட்டும் இந்த ஏழை வைத்தியம் கிடையாது. அதை நான் அணைத்ததே இல்லை. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, குப்பை அள்ள ஒரு செயலி, சூட்டைத் தணிக்க ஒரு செயலி, பேட்டரியைக் காப்பாற்ற ஒரு செயலி என்று வரிசையாகப் போட்டு வைத்திருந்தேன். சூடு தணிக்கும் செயலியைத் திறந்தால் நீல நிறக் காற்றாடி ஒன்று திரையில் சுற்றும். பார்க்கும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிடும். போனுக்குக் குளிர்ந்ததா என்பது தெரியாது.

இவ்வளவு சீராட்டலுக்குப் பிறகு போனுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. திரை அணைந்து தூங்கிப் போனால் சில சமயம் எழுந்திருக்காது. பொத்தானை அழுத்தினால் கறுப்பு. மறுபடி அழுத்தினால் அதே கறுப்பு. இரண்டு நிமிடமோ இருபது நிமிடமோ கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் தானாக விழித்துக்கொள்ளும். நான் அசரவில்லை. போன் தூங்கிப்போகாமல் தடுக்க நாலாவதாக ஒரு செயலியைப் போட்டேன்.

இந்த நிலைமையில்தான் என் சித்தப்பா மகள் வனிதாவுக்குக் கல்யாணம் வந்தது.

சித்தப்பா குவைத்தில் கிரேன் ஓட்டினார். பதினோரு வருடம். மகள் கல்யாணத்துக்கு வர லீவு கேட்டிருந்தார், கம்பெனி தரவில்லை. ஆறு மாதம் தள்ளி வைக்கலாம் என்றார் அப்பா. மாப்பிள்ளை வீட்டில் வேறு நாள் ஒத்துவரவில்லை. கடைசியில் சித்தப்பாவே, "நடத்துங்கண்ணே, நான் போன்ல பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். தாரை வார்த்துக் கொடுக்கிற பொறுப்பு என் அப்பாவுக்கு. போனில் காட்டுகிற பொறுப்பு எனக்கு.

கேட்டு வாங்கிய பொறுப்பு அது. கல்யாண வீடியோ எடுக்க வந்தவர்களே நேரலையும் செய்து தருவதாகச் சொன்னார்கள். அதெல்லாம் வீண் செலவு, வீட்டிலேயே ஆள் இருக்கும்போது எதற்கு என்று நான்தான் தடுத்தேன். "எதுக்கும் என் போனையும் கையில வச்சுக்கப்பா" என்றாள் சித்தி. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே அறையத் தோன்றும்.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரான சமயநல்லூரில், ஒரு மண்டபத்தில். திங்கட்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம், அதற்கு மேல் எமகண்டம். காலையிலேயே நான் ஒரு சட்டம் போட்டேன். மேடைக்குப் பக்கத்தில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது, எல்லாரும் நெட்டைப் போட்டால் என் வீடியோ காலுக்குச் சிக்னல் கிடைக்காது. சொன்னதோடு நிற்கவில்லை. அப்பா, சித்தி, வனிதா உட்பட வீட்டாள்கள் அத்தனை பேர் போனையும் ஒரு மஞ்சப்பையில் வாங்கி, பெண் அறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சித்தி முந்தானையில் முடிந்துவிட்டேன். விமான நிலையத்தில்கூட அவ்வளவு கெடுபிடி கிடையாது.

ஒன்பதரைக்குக் குவைத்துக்குக் கூப்பிட்டேன். அங்கே காலை ஏழு மணி. சித்தப்பா பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். பின்னால் கட்டில்களின் மேல் அவருடைய அறைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், குளித்து, சட்டை மாட்டி, வேலைக்குப் போகும் முன் கல்யாணம் பார்க்கக் காத்திருந்தார்கள். ஒருத்தர் கையில் கிண்ணம். அதில் மஞ்சள் தடவிய அரிசி. அட்சதைகூட அங்கே தயார்.

நான் உடனே பெண்ணைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. முதலில் வாழைமரம், பிறகு பந்தி, பிறகு நான் கட்டச் சொன்ன சீரியல் லைட் என்று வர்ணனையோடு சுற்றி வந்தேன். குவைத்தில் பொறுமை போய், பொண்ணைக் காட்டுப்பா என்று பல குரல்கள் வந்தன. இரைச்சலாக இருக்கிறதே என்று என் பக்கம் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். இனி நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. அந்த வயதில் நான் எல்லாரிடமும் அப்படித்தான் பழகினேன்.

மேடை ஏறினேன். வனிதாவும் மாப்பிள்ளையும் மணையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐயர் தேங்காயில் மஞ்சள் கயிற்றைச் சுற்றித் தாம்பாளத்தில் வைத்தார். இந்த நேரத்தில் சின்ன அறிமுகம் ஒன்று கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கேமராவை என் முகத்துக்குத் திருப்பி, "சித்தப்பா, இப்ப நம்ம..." என்று வாயைத் திறந்தேன்.

திரை கறுத்தது.

பொத்தானை அழுத்தினேன். கறுப்பு. சத்தம் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். கறுப்பு. தட்டினேன், வேட்டியில் தேய்த்தேன், ஊதினேன். போன் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சுட்டதே தவிர, முழிக்கவில்லை.

மேடையை விட்டு இறங்கிச் சமையல்கட்டுக்கு ஓடினேன். என் கூட்டாளி மணிமாறன் பின்னாலேயே வந்தான். ரோஸ்மில்க்குக்கு வைத்திருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து, போனை ஒரு பால் கவரில் சுற்றி ஐஸ் மேல் வைத்தேன். (போனுக்குச் சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது என்று தெருவுக்கே வகுப்பெடுத்தவன் நான்.) சமையல் மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, அது என்ன ஐட்டம் என்று கேட்டார்.

மணிமாறன் தன் போனை நீட்டி, இதில் கூப்பிடு என்றான். நல்ல யோசனைதான். ஆனால் சித்தப்பா நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. அது என் போனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. சித்திக்கு அந்த நம்பர் தலைகீழாகத் தெரியும். மேடைக்குப் போய், "சித்தி, போன் போச்சு, நம்பரைச் சொல்லுங்க" என்று கேட்டால் அரை நிமிட வேலை. கேட்டிருக்கலாம். இந்தக் கதையில் போன் செய்த தப்பு அதோடு முடிந்தது. மீதியெல்லாம் நான் செய்தது.

ஏனென்றால் கேட்டால் மானம் போகும். அதனால் ஐஸ் பெட்டிப் பக்கத்தில் நின்று நானும் மணிமாறனும் வேறு யோசனை செய்தோம்.

"மாப்ள, கரண்டு போச்சுன்னு சொல்லிருவோம்" என்றேன்.

"மண்டபத்துல ஜெனரேட்டர் இருக்குன்னு அவருக்குத் தெரியுமேடா."

"அப்ப குவைத்துல நெட்டு சரியில்லன்னு சொல்லிருவோம். அவரு கிரேன் ஓட்டுறவரு, அவருக்கு என்ன தெரியப் போகுது."

எதைச் சொல்வது என்று முடிவாவதற்குள் கெட்டிமேளத்துக்கு ஆள் தயாராகிவிட்டதாகச் சத்தம் வந்தது. செத்த போனை ஐஸிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி, மேடையில் அதே இடத்தில் நின்று, எல்லாம் ஓடுவதுபோல் தூக்கிப் பிடித்தேன். கவரில் இருந்த தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி ஓடியது.

வனிதா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா பாக்குறாரா அண்ணே?"

நான் தலையை ஆட்டினேன்.

அவள் அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்பா, கும்பிட்டுக்கிறேன்ப்பா" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவளைப் பார்த்து மாப்பிள்ளையும் போனை நோக்கிக் கும்பிட்டார். சித்தி முந்தானையை வாயில் வைத்து அழுதாள். என் அப்பா, வாழ்க்கையில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் இது என்பதுபோல் என்னைப் பெருமையாகப் பார்த்தார். மேளம் கொட்ட, தாலி ஏறியது. அந்த இடத்திலேயே மண்டபத் தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. தரைக்கும் என் மேல் இரக்கமில்லை.

பந்தி முடிந்த பிறகு சித்தி அலமாரியைத் திறந்து தன் போனை எடுத்துக் குவைத்துக்குக் கூப்பிட்டாள். நான் தடுக்க வழி தேடுவதற்குள் சித்தப்பா எடுத்துவிட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று சித்தி ஸ்பீக்கரில் போட்டாள். சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டார், எங்கள் வீட்டார், என் அப்பா.

சித்தப்பா சித்தியிடம் பேசினார், வனிதாவிடம் பேசினார், மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உயிர் வந்தது. அப்புறம், "எங்க நம்ம எஞ்சினியரு?" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "சித்தப்பா, நடுவுல படம் நின்னுருக்குமே. இங்க கரண்டு போயிருச்சு."



"கரண்டாப்பா போச்சு?" என்றார் சித்தப்பா நிதானமாக. "இல்ல குவைத்துல நெட்டு போச்சா? நீயும் அந்தத் தம்பியும் முடிவாச் சொல்லவே இல்லையே."

படம்தான் உறைந்திருக்கிறது. இணைப்பு அறுபடவே இல்லை. கறுப்புத் திரைக்குப் பின்னால் போன் முழித்துக்கொண்டு, ஐஸ் பெட்டி, சமையல் மாஸ்டர், மணிமாறன், கிரேன் ஓட்டுறவருக்கு என்ன தெரியும் என்பதுவரை ஒரு சொல் விடாமல் குவைத்துக்கு அனுப்பியிருக்கிறது. பன்னிரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள்.

"அப்ப தாலி கட்டினத நீங்க பாக்கலையாப்பா?" என்றாள் வனிதா.

"கேட்டேன்த்தா. நீ கும்பிட்டுக்கிறேன்னு சொன்னது கேட்டுச்சு. மேளம் கேட்டுச்சு. அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னு அட்சதை போட்டோம்." நிறுத்தி, பெருமூச்சு விட்டார். "என்ன, உங்க அண்ணன் மூஞ்சி மேல போட வேண்டியதாப் போச்சு."

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. வனிதா சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று மாதமும் நான் அவள் வீட்டுப் பக்கம் போய் வாசலோடு திரும்பி வருவேன். பிறகு ஒரு நாள் அவளே வாசலுக்கு வந்து கூப்பிட்டு, போன் எழுந்திருக்க மாட்டேங்குது அண்ணே, யாராவது நல்ல ஆளாப் பாத்துச் சொல்லுங்க என்றாள். அந்த "நல்ல ஆளா" என்ற சொல்லோடு மன்னிப்பும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பா அன்றைக்கே அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். ஒரு கண் மூடி, ஒரு கண் செருகி, வாய் முழுதாகத் திறந்து, உள்ளே கடைவாய்ப்பல்வரை தெரிகிற என் முகம். நாற்பது நிமிடம் குவைத்தில் பன்னிரண்டு பேர் இதைத்தான் கல்யாணமாகப் பார்த்திருக்கிறார்கள்.

போனைத் திருநகரில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் ஐந்து நிமிடம் நோண்டிப் பார்த்தார். இடம் துளியும் இல்லாமல் வீடியோக்களால் அடைத்திருக்கிறது என்றார். நான் போட்டு வைத்த செயலிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "அண்ணே, இவனுக நாலு பேரும் ஒருத்தன ஒருத்தன் தூங்க வைக்கப் பாத்திருக்கானுக. போன் என்ன செய்யும்" என்றார். நாலையும் நீக்கி, தேவையில்லாததை அழித்து, வாரம் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நான் ஊருக்கெல்லாம் செய்த அதே ஏழை வைத்தியம். போன் அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒழுங்காக ஓடியது.

நான்தான் ஓடவில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், அதற்குள் ஊர் திரும்பியிருந்த சித்தப்பா, "பையனுக்கு ஏற்கெனவே ஒரு தடவ அட்சதை போட்டாச்சு" என்று எடுத்துவிட்டார். பெண்ணின் அப்பா முகம் வெளிறி, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முதல் கல்யாணத்தை மறைத்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். வேறு வழியில்லாமல் சித்தப்பா படத்தைக் காட்டி முழுக் கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. உள்ளேயிருந்து பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. இதைவிட மோசமாக ஒரு மனிதன் இருக்க முடியாது, இனிமேல் ஏற்றம்தான் என்று நினைத்துச் சம்மதித்ததாக என் மனைவி இன்றும் சொல்கிறாள்.

அதெல்லாம் பழகிவிட்டது. தாங்க முடியாதது வேறொன்று. போன மாதம் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து உண்மையிலேயே கரண்டு போய்விட்டது. அன்றைக்குத்தான் சித்தப்பாவின் பேத்திக்குக் காதுகுத்து. நான் தண்ணீர் வராமல் குளிக்காமல் நின்றதால் நேரத்துக்குப் போக முடியவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டு, "கரண்டு போச்சு சித்தப்பா, கொஞ்சம் லேட்டா வாரேன்" என்றேன். அந்தப் பக்கம் பந்தியே சிரித்தது. என் பேச்சு எடுபடவில்லை. கம்பத்தில் ஏறி வேலை பார்த்துவிட்டு இறங்கிய லைன்மேனைக் கெஞ்சி, போனை அவர் காதில் வைத்து, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவரும் பொறுப்பாக, ஆமாங்க, ஏரியா பூரா கரண்டு இல்லங்க என்று சொன்னார்.

சித்தப்பா அவரை முழுசாகப் பேச விட்டுவிட்டுத்தான் கேட்டாராம்: "தம்பி, நீ மணிமாறன்தானே?"