இப்ப அழும் பாருங்க

இந்த இனத்தாரை அடையாளம் காண்பது சுலபம். பாட்டைப் போட்டுவிட்டு உங்கள் காதை நம்ப மாட்டார்கள். இசை ஒரு பக்கம் ஓட, அதற்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டே இவர்கள் ஓடுவார்கள்; 'இருங்க, வருது' என்று தடுப்பார்கள்; வந்ததும் 'பாத்தீங்களா' என்று உங்கள் தொடையில் அறைவார்கள். கடைசியில் உங்களுக்கு மிஞ்சுவது தொடை வலி.

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருக்கும் யோகேஸ்வரன் இந்த இனத்தில் முதல் ரகம். அவரிடம் ஓர் இசைத்தட்டு உண்டு. ஜாஸையும் ரொக்கையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறத் தொடங்கிய காலத்தது. கூட்டத்துக்குத் தலைவர் ஒரு புல்லாங்குழல்காரர். கிட்டாரும் டிரம்ஸும் சண்டைக்கு நிற்க, குழல் நடுவில் புகுந்து இரண்டையும் மேய்த்துக்கொண்டு போகும். நல்ல இசைதான். கேட்க விட்டால்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் குழல் திடீரெனத் தளர்ந்து, இழுத்து, விம்மும். யோகேஸ்வரனின் விரல் உயரும். "இப்ப அழும் பாருங்க. இந்த எடத்துல அந்த மனுசன் உசுரையே ஊதுறாரு."

தபால்காரர் கேட்டிருக்கிறார். கோயில் ஐயர் கேட்டிருக்கிறார். காஸ் கொண்டுவந்தவர் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டிருக்கிறார். வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் கச்சேரி. ஞாயிறு மட்டும் தட்டைப் பனியன் துணியால் துடைக்கும் நாள். அன்று ஊசி வைப்பது பாவம்.

அந்தப் பாவத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்ய நேர்ந்தது. பெண் வீட்டார் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார்கள். பெண் பிரியந்தி, சங்கீத டீச்சர், வாசிப்பதோ புல்லாங்குழல்! நாற்பதை நெருங்கும் மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இனி எங்கே அமையும்? வடை வரும் முன்பே இரண்டாம் பக்கத்தை வைத்துவிட்டார்.

விரல் உயர்ந்தது. "இப்ப அழும் பாருங்க."

குழல் அழவில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரித் துள்ளிக்கொண்டு போயிற்று. விரல் மட்டும் அந்தரத்தில் நின்றது.

"இன்னிக்கு எப்படிடா அழும்?" என்றார் அக்கா அன்னம்மா, வடைத் தட்டை நீட்டியபடி. "தேயிலை பெக்டரி லீவு. மத்த நாள்ல பொழுது சாய அங்க பெரிய ஃபேனுங்கள போட்டதும் இங்க கரண்டு கொறையும், ஒந்தட்டும் இழுத்துக்கிட்டுச் சுத்தும். என் மிக்ஸியும் அந்நேரம் அப்படித்தான் அழுவுது."

பெண்ணின் அப்பா செல்லசாமி இருமுவதுபோலச் சிரித்தார். நம் ஆள் அசைவாரா? "அப்படி இல்லைங்க மாமா. குளிருக்கு ரெக்கோட் கொஞ்சம் வெறைச்சுப்போச்சு."

பிரியந்தி சிரிக்கவில்லை. "நல்லா வாசிக்கிறாருங்க. மொதப் பக்கத்தப் போடுங்க. முடியிற வரைக்கும் நீங்க ஒண்ணும் பேசாம இருந்தீங்கன்னா, எனக்குச் சம்மதம்."

யோகேஸ்வரன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்தார். கிட்டார் வந்தது, உதட்டைக் கடித்தார். டிரம்ஸ் வந்தது, கண்ணை இறுக மூடினார். பிரியந்தியின் விரல்கள் மடியில் இல்லாத குழலின் துளைகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்திருந்தாலாவது பிழைத்திருப்பார். பக்கம் முடியப்போகிறது. குழல்காரர் கடைசியாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தார்.

"இந்த மூச்சக் கவனிங்க!"

"கவனிச்சுக்கிட்டுத்தாங்க இருந்தேன்" என்றார் பிரியந்தி.

"கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று செல்லசாமி குடையை எடுத்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இதை வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டுவீர்கள் அல்லவா? அப்போது, பிரியந்தி நிபந்தனை போடுகிற இடத்துக்கு வந்ததும், 'அடுத்ததுதான் வேடிக்கையே' என்று தலையை நிமிர்த்திச் சொல்லாமல் உங்களால் வாசித்துவிட முடியுமா?