ட்ரவுசருக்குள் போன கோழிக்குஞ்சு

திருப்பூர்க்காரனுக்குப் பனியனைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. துணியைத் தொட்டுப் பார்த்தே என்ன நூல் என்று சொல்லிவிடுவான். விளிம்பைத் தடவிப் பார்த்தே தையல் எங்கே விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான். அவன் மறந்துபோவது ஒன்றே ஒன்றைத்தான்: அந்தப் பனியனுக்குள் கடைசியில் ஓர் ஆள் நுழைவார். இதை நான் யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, ஊரைக் கூட்டி இதை நிரூபித்துக் காட்டியவனே நான்தான்.

எண்பதுகளின் கடைசி. பி.காம். முடித்திருந்தேன். (அதாவது கல்லூரி என்னை முடித்து அனுப்பியிருந்தது. அரியர்ஸ் பற்றி இப்போது பேச வேண்டாம்.) பாக்கிப் பேப்பர்களுக்கெல்லாம் கவலைப்படுகிற ஆளா நான்? குழந்தைகளுக்குப் படக்கதை வரைகிற மகா கலைஞன் அல்லவா! சிறுவர் பத்திரிகைகளுக்கு நான் அனுப்பிய ஆட்டுக்குட்டிக் கதைகள் போன வேகத்திலேயே திரும்பி வந்தன. தபால்காரர் தெருமுனையிலிருந்தே, "தம்பி, உங்க ஆட்டுக்குட்டி மறுபடியும் வந்திருச்சுங்க!" என்று திருப்பூரில் நாங்கள் குடியிருந்த ராயபுரம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுப்பார். எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. பாவம், அந்த ஆசிரியர்களுக்குக் கலை தெரியவில்லை என்று பரிதாபப்பட்டேன்.

அப்பா என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். கணியூரில் பெரியப்பாவுக்கு உரக்கடை இருந்தது. தீபாவளிக்குள் எனக்கு ஒரு வழி பிறக்காவிட்டால், அங்கே போய் யூரியா மூட்டைக்குக் காவல் நிற்க வேண்டியது என்று முடிவாகிவிட்டது.

காப்பாற்ற வந்தவர் தங்கராசு மச்சான், என் அக்கா சரசுவின் கணவர். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். அப்போதுதான் குழந்தைகள் பனியனில் இறங்கியிருந்தார். ஊரெல்லாம் பூவும் பொம்மையும் அச்சடிக்கிறார்கள், நாம் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் போய் நின்றேன்.

"மச்சான், பனியன் மேலயே ஒரு முழுப் படக்கதைங்க. நாலு கட்டம். கழுத்துல ஆரம்பிச்சு அடி விளிம்பு வரைக்கும், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. புள்ளைக போட்டுக்கிட்டே படிக்கலாமுங்க."

"போட்டுக்கிட்டு எப்புடி மாப்ள படிக்கும்? தலைகீழாவல்ல தெரியும்?"

"எதிர்ல நிக்கற புள்ளையோட பனியனைப் படிக்குமுங்க. சிநேகிதம் வளருமுங்க."

மச்சான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்ள, உங்க மண்டைல சரக்கு இருக்குது. எங்க மாமனாருக்குத்தான் தெரியல" என்றார். என் தலை அன்றைக்கு முதலிபாளையத்துக் கூரையில் முட்டியது.

திட்டம் தயாரானது. அக்கா மகள் கவிதா அப்போது யூ.கே.ஜி. அவள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர், கோயம்புத்தூரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி. சின்ன வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் மச்சான் இலவசமாகப் பனியன் கொடுப்பது, பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு மேடையில் வரிசையாக நிற்பது, கவிதா கதையை வாசிப்பது, முதலாளி அசந்துபோவது. அவர் தலையாட்டினால் தீபாவளி ஆர்டர் மச்சானுக்கு, கம்பெனி ஆபீசில் ஜன்னலோரம் ஒரு மேசை எனக்கு. ஆட்டாவிட்டால் யூரியா.

கதையின் நாயகன் வீரமுத்து. ஒரு கோழிக்குஞ்சு. முதல் கட்டத்தில் வீரமுத்து மேயப் போகிறான். இரண்டாவதில் நரி ஒன்று வேலிக்குப் பின்னால் ஒளிந்து பார்க்கிறது. மூன்றாவதில் நரி வாயைப் பிளந்து 'லபக்'. நான்காவதில் வீரமுத்து நரியின் நாக்கைக் கொத்திவிட்டு, அதன் தலை மேலேயே ஏறி நின்று, "யாருகிட்ட!" என்கிறான். என் திறமை முழுவதையும் மூன்றாவது கட்டத்தில் கொட்டினேன். அந்தப் பற்களை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக மின்னும். நடுவில் வீரமுத்துவின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த காதர் பாய்க்கும் நரியை ரொம்பப் பிடித்துவிட்டது. "தம்பி, நாக்குக்கு மட்டும் இன்னொரு தடவை சிவப்பு இழுத்துரலாமுங்களா? நல்லா ரத்தமாட்டத் தெரியும்" என்றார். இழுங்க பாய், தாராளமாக இழுங்க என்றேன்.

தைத்து வந்த பனியன்களை செக்கிங் மேசையில் விரித்து நாங்கள் பார்க்காத கோணம் இல்லை. மச்சான் இழுத்துப் பார்த்தார், மை உதிர்கிறதா என்று தேய்த்துப் பார்த்தார், ஒன்றை வாளியில் முக்கியும் பார்த்தார். நான் நாலு கட்டத்தையும் தள்ளி நின்று ரசித்தேன். சாப்பாடு கொண்டுவந்த அக்கா மட்டும், "பாப்பாவுக்கு ஒண்ணைப் போட்டுப் பாத்திரலாமுல்ல?" என்று கேட்டாள்.

"விழாவுக்கு முன்னாடியே அழுக்குப் பண்ணிப்போடுவாக்கா" என்றேன். கலைஞனுக்குத் தெரியாததா அக்காவுக்குத் தெரிந்துவிடப் போகிறது!

விழா அன்று மாலை, மேடைக்குப் பின்னால் பிள்ளைகளுக்குப் பனியனை மாட்டிவிட்டது அந்தப் பள்ளியின் பி.டி. மாஸ்டர். நான் அந்த நேரத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, முதலாளி கைகுலுக்க வந்தால் எந்தக் கையை நீட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். (வலது கை என்று முடிவு செய்தேன். இடது கையில் டிராயிங் ஃபைல்.) மாஸ்டர் ஒழுங்குக்குப் பேர் போனவர். அவர் பள்ளியில் மேல்சட்டை என்று ஒன்று இருந்தால் அது ட்ரவுசருக்குள்தான் இருக்க வேண்டும்.

திரை விலகியது. நான் கைதட்டக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

மேடை முழுக்க நரி. எல்லாப் பிள்ளைகளின் வயிற்றிலும் ஒரு நரி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஒவ்வொரு வாயிலும் இரண்டு கால்கள். அதற்குக் கீழே நீல ட்ரவுசர். நாலாவது கட்டம் ஒரு பிள்ளையிடம்கூட இல்லை. மாஸ்டர் அத்தனையையும் உள்ளே திணித்து, எலாஸ்டிக்கை இறுக்கி விட்டிருந்தார். காதர் பாயின் சிவப்பு, விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தது.

கவிதா மைக்குக்கு முன்னால் வந்து, அவள் வாசிப்பதற்காக எதிரே நிறுத்தியிருந்த பையனின் வயிற்றைப் பார்த்து வாசித்தாள். "வீரமுத்து மேயப் போனான். நரி ஒளிந்து பார்த்தது. நரி... லபக்!"

அவ்வளவுதான். கும்பிட்டாள்.

முதலாளி முன்வரிசையிலிருந்து பாசமாக, "அப்புறம் என்னாச்சு கண்ணு?" என்றார்.

கவிதா மறுபடியும் குனிந்து அந்தப் பையனின் வயிற்றை நன்றாக ஆராய்ந்தாள். பிறகு மைக்கில் தெளிவாகச் சொன்னாள்: "செத்துப்போச்சுங்க தாத்தா."

எதிரே நின்ற பையனுக்கு அப்போதுதான் தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று புரிந்தது. அழ ஆரம்பித்தான். அவனைப் பார்த்து அடுத்தவன். ஒரு நிமிடத்தில் மேடை மொத்தமும் ஓவென்று ஒப்பாரி. இழவு வீட்டில்கூட அவ்வளவு ஒற்றுமையாக அழுது நான் கேட்டதில்லை. அம்மாக்கள் எழுந்துவிட்டார்கள். மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை.

நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன். "கவிதா! சாகலை கண்ணு! கீழ பாரு, கீழ!"

அவள் மேடையின் தரையைப் பார்த்தாள்.

"தரையில இல்ல சாமி! ட்ரவுசருக்குள்ள! வீரமுத்து ட்ரவுசருக்குள்ள இருக்கறான்!"

மொத்தப் பந்தலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் கவிதா கெட்டிக்காரி. தன் பனியனை வெளியே உருவி, குனிந்து, தலைகீழாகப் பார்த்தாள். "இருக்குது! உசுரோட இருக்குது!" என்று கூவினாள். உடனே எல்லாப் பிள்ளைகளும் அழுகையை விட்டுவிட்டுப் பனியனை உருவ ஆரம்பித்தார்கள். மாஸ்டருக்கு இது பொறுக்குமா? விசிலை ஊதிக்கொண்டு மேடையில் பாய்ந்தார். ஒருவன் பனியனை அவர் உள்ளே திணித்தால் பக்கத்தில் இரண்டு பேர் வெளியே உருவினார்கள். மாஸ்டர் திணிக்கத் திணிக்க வீரமுத்து செத்தான். பிள்ளைகள் உருவ உருவப் பிழைத்தான். செத்ததும் அழுகை, பிழைத்ததும் கைதட்டல். கடைசியில் யாரோ புண்ணியவான் திரையை இழுத்து மூடினார்.

நான் மெல்ல மைக் செட்டுக்காரரின் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கேயே தேடி வந்தார் முதலாளி. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் அழுதுவிட்டாரோ என்று பயந்து எழுந்தேன். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"நரியை வரைஞ்சது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க." கைகுலுக்குவது பற்றி நான் போட்டிருந்த திட்டம் எதுவும் ஞாபகத்தில் இல்லை.

"படம் பிரமாதமுங்க. தீபாவளிக்குப் போடலாம். ஆனா ஒண்ணு, எந்தக் கதையா இருந்தாலும் தொப்புளுக்கு மேல முடிஞ்சிரோணுமுங்க."

மச்சான் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

ஜன்னலோர மேசை கிடைத்தது. தொண்ணூறுகள் முழுக்க அங்கே உட்கார்ந்து எத்தனையோ படக்கதைகள் வரைந்தேன். எல்லாம் மூன்றே கட்டம். கடைசிக் கட்டம் எங்கே முடிகிறது என்று மச்சான் டேப்பை வைத்து அளந்து பார்க்காமல் ஒன்றுகூடப் பிரிண்டிங்குக்குப் போனதில்லை. பெரியப்பாவின் யூரியா வாசனை என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும், பரீட்சையில் கோட்டை விட்டாலும், ஆர்டர் கேன்சல் ஆனாலும், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "இது மூணாங் கட்டந்தான். கீழ ஒண்ணு இருக்குது."

கவிதாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வேன் பல்லடம் ரோட்டில் நின்றுபோனது. முகூர்த்தம் நெருங்குகிறது, ஆளைக் காணோம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த கவிதா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "அம்மா, மாமாகிட்டக் கேளு, மாப்பிள்ளை எதுக்குள்ள இருக்கறாருன்னு" என்றாள். அழுதுகொண்டிருந்த அக்கா குபீரென்று சிரித்துவிட்டாள். மண்டபமே சிரித்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வந்து சேர்ந்தார், பனியன் மூட்டை ஏற்றிய டெம்போவில்.

எதற்கு எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தாலி கட்டி முடித்ததும் பந்தியில் உட்காரவைத்து, மச்சானே வாய் நிறையச் சிரிப்போடு கதை முழுவதையும் சொன்னார்.

அன்று மாலை ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை கோட்டு சூட்டில் வந்தார். சட்டையை மட்டும் வெளியே விட்டிருந்தார்.