இடப்பக்கத்து விளக்கு

பயன்படுத்தப் போகிறவர் கேட்காமல் எந்தப் பொருளையும் வாங்கவோ செய்விக்கவோ கூடாது. கேட்டாலும், அவருக்கு அது எப்படி வேண்டும் என்று விசாரிக்காமல் கூடாது. அரசு அலுவலகத்தின் பண்டகப் பிரிவில் உட்கார்ந்து காலமெல்லாம் நான் ஊருக்கு ஓதிய விதி இது. இதை மீறி நாற்காலி கேட்ட அதிகாரிகளின் கோப்புகளை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். (ஒருவர் கண்கலங்கியே விட்டார்.) அந்த விதி என் வீட்டு வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றுகொண்டது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. திண்டுக்கல்லில் குடியிருந்தோம். மகள் கயல்விழி பன்னிரண்டாம் வகுப்பு. கட்டடக்கலை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் கண்ணில் நீர் வழியும், தலை வலிக்கும். மாதிரித் தேர்வுகளில் கடைசிக் கேள்விகளைத் தொடாமலே தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். பொதுத்தேர்விலும் இப்படி ஆகிவிட்டால் ஆசை அவ்வளவுதான்.

கண் மருத்துவர் சோதித்துவிட்டு, "கண்ணுல ஒரு கோளாறும் இல்ல சார். வீட்ல எழுதுற எடத்துல வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாருங்க" என்றார்.

பாருங்க என்றுதான் சொன்னார். நான் பார்க்கவில்லை, வடிவமைத்தேன்.

நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். பல்பு நேராகக் கண்ணில் படக் கூடாது. தாளில் பட்டுத் திரும்பிக் கூசக் கூடாது. எழுதும் கையின் நிழல் விழாதிருக்க, வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். அதன்படி விவரக்குறிப்பு தயாரித்தேன்: பித்தளைக் கை, உள்ளே வெள்ளை பூசிய அலுமினியக் கூடு, கூச்சத்தைத் தணிக்கப் பால்நிறக் கண்ணாடி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க மின்விசிறி ரெகுலேட்டர். தலைப்பில் 'உயர்தரம்' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் விளக்கெல்லாம் நம் தகுதிக்கு ஆகுமா?

செய்ய ஒப்புக்கொண்டவர் இரும்புப் பெட்டகம் செய்யும் பட்டறைக்காரர் சவரிமுத்து.

"யாராச்சும் அசைச்சா கோணம் மாறிப்போகுமே" என்றேன்.

"பூட்டிப்புடுவோம் சார்."

"விளக்கையா?"

"நம்ம ஊர்ல செஞ்ச சாமானுக்குப் பூட்டு இல்லைன்னா நாளைக்கு எவன் மதிப்பான்?"

அந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. விளக்கின் அடித்தட்டை மேசையின் இடது மூலையில் போல்ட் போட்டு இறுக்கி, மேலே ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. சாவி என் பூணூலில் தொங்காத குறை. (எனக்குப் பூணூல் கிடையாது. இருந்திருந்தால் தொங்கியிருக்கும்.)

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அலுவலக நண்பர்கள் இருவர் வந்தார்கள். என் மனைவி தனத்தின் தம்பி முருகேசன், சாணார்பட்டியில் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை விட்டுவிட்டு வந்திருந்தான். நான் கண் நலம் பற்றி உரையாற்றி, சுவிட்சைப் போட்டேன்.

"எப்படி மாப்ளே?"

"கண்ணு குளுந்துபோச்சு மச்சான். களவாணிப்பய வந்தாலும் தூக்க முடியாது, அம்புட்டு கனம்."

கயல்விழி உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்தாள்.

"நிமிந்து உக்காரும்மா."

"நிழல் விழுதுப்பா."

"விழாது. விழ வாய்ப்பே இல்ல."

குனிந்து பார்த்தேன். தாள் முழுக்க நிழல் படுத்திருந்தது.

"பேனாவ ஏன் அந்தக் கையில புடிச்சிருக்க?"

காபி உறிஞ்சும் சத்தம் நின்றது. முருகேசன்தான் மெதுவாகச் சொன்னான்: "மச்சான், புள்ளைக்கு எடது கைதான எழுத்து."

"எப்ப இருந்து?" என்றேன். (கேட்டிருக்கவே கூடாது.)

"பொறந்ததுல இருந்துங்க" என்றாள் தனம். "ஆபீசுக்கு ஒரு தகவல் அனுப்பாம விட்டது எங்க தப்புதான்."

நண்பர்கள் சுவரில் இருந்த நாள்காட்டியை ஆழ்ந்து படித்தார்கள்.

எனக்கு எப்படித் தெரியாமல் போனது? அவள் சாப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறேன். சோற்றில் வலக்கைதான் பட வேண்டும் என்று சிறு வயதிலேயே தனம் பழக்கிவிட்டாள். எழுதி நான் பார்த்ததில்லை. மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவதோடு என் கடமை முடிந்துவிடும். சன்னல் இடப்பக்கம் வரும்படி அந்த மேசையைப் போட்டவனும் நானே. இத்தனை ஆண்டுகளாக என் மகளை அவள் நிழலிலேயே உட்கார வைத்து, கண்ணுக்கு மட்டும் வைத்தியம் தேடியிருக்கிறேன். அன்று முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

விளக்கைக் கழற்றலாம் என்று பூட்டைத் திறந்தேன். உள்ளே போல்ட் தலைகளையெல்லாம் ஸ்பேனர் பிடிக்காதபடி சவரிமுத்து சம்மட்டியால் தட்டிச் சப்பையாக்கியிருந்தார். பெட்டகத்துக்கு அப்படித்தான் செய்வாராம்.

"செத்த நவுருங்க மச்சான்" என்று முருகேசன் மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டான். கயல்விழி மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். விளக்கும் சன்னலும் வலப்பக்கம் ஆயின. தாள் பளிச்சென்றது.

ஆனால் மேசை விளிம்பில் பதித்திருந்த ரெகுலேட்டர் பழைய பக்கத்திலேயே மாட்டிக்கொண்டது. அவளுக்கு எட்டாது. எனவே தேர்வு முடியும்வரை எதிரே நாற்காலி போட்டு, "கொஞ்சம் கூட்டுங்கப்பா", "போதும்ப்பா" என்ற ஆணைகளுக்கு நான் திருகிக்கொண்டிருந்தேன். வடிவமைப்பாளர் பதவியிலிருந்து கீழிறக்கம். தண்டனை குறைவுதான். அவள் எழுதுவதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தலைவலி விட்டது. எல்லாக் கேள்விகளையும் எழுதினாள். கேட்ட படிப்பே கிடைத்தது. இன்றும் நான் செருப்பு வாங்கி வந்தால்கூட முருகேசன் விடுவதில்லை: "எந்தக் காலுக்குன்னு கேட்டீகளா மச்சான்?"

விழா முடிந்த அன்று மாலை அவளிடம், "ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டிருந்தேன். சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பிறகு அதை நினைவூட்டிக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

அவளுக்குத் திருமணமாகி மகன் பிறந்தான். அவனுக்கு எழுத்தறிவிக்கும் நாளில், தட்டில் பரப்பிய அரிசியை நோக்கி அவன் இடக்கை நீண்டது. என் கை, என்னைக் கேட்காமலே, அதைப் பிடித்து விலக்கிவிட்டு வலக்கையை எடுத்து வைத்தது.

கயல்விழி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கோபமில்லை.

"ஏன் சொல்லலைன்னு அன்னைக்குக் கேட்டீங்களேப்பா. இதுக்குத்தான்."

பதில் கிடைத்த நாள்: விஜயதசமி.