பதின்மூன்றாவது பை

மெரிதா,
மே மாதம், வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானம்

அன்பும் அடக்கமும் உள்ள மச்சான் ஃபிதென்சியோவுக்கு, உன் அக்கா புருஷன் அபெலார்தோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா சொக்கோரோவும் கொல்லையில் இருக்கும் வான்கோழியும் சுகம். மான்டெர்ரேயில் நீயும் உன் பிள்ளைகளும் உன் மேனேஜர் உத்தியோகமும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். உன் அக்கா மகள் இத்செல் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நல்லபடியாக என்றால், மாப்பிள்ளை ஓடிப்போகவில்லை. மற்றபடி நடந்த கூத்துக்கெல்லாம், நீ லீவு கிடைக்கவில்லை என்று வராமல், மாலில் ஒரு சட்டை வாங்கிப் பார்சல் போட்டாயே, அதுதான் காரணம்.

பழியில் பாதி என் வாய்க்கும் உண்டு, மறைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சாராயக்கடையில் இரண்டாவது பீர் உள்ளே போனதும் நாற்காலி மேல் ஏறி, "நம்ம தெருவுல தைச்ச குவாயபேராச் சட்டையைப் போடாதவன் நம்ம ஊர்க்காரனே இல்லை! எம்பொண்ணு கல்யாணத்துல நான் போடப்போறது அதுதான்!" என்று முழங்கிவிட்டேன். ஒரே கைதட்டல். மறுநாள் விடிந்ததும் நம் தெருவின் மூன்று தையல்கடைக்காரர்களும் அளவு நாடாவோடு ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். மூவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் என்பது உனக்கே தெரியும். பெச் அண்ணனிடம் முடியாது என்று எப்படிச் சொல்வேன்? என் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பது உன் அக்காவுக்கே தெரியாது, அவருக்குத் தெரியும். வாய் திறக்காமல் அந்தப் பக்கம் ஒரு மடிப்பைக் கூட்டித் தைத்துவிடுவார். காந்தெலாரியா அக்கா நெஞ்சில் போடுகிற பூவேலையைப் பார்த்து வண்டு வந்து உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். லெபனானிலிருந்து வந்த குடும்பத்து நாகிப் ஐயா லினன் துணியைத் தடவுகிற பாசத்தில் பாதியைப் பெண்டாட்டிக்குக் காட்டியிருந்தால் அவர் வீட்டில் இன்றைக்கும் சோறு சூடாக இருக்கும். மூவருக்கும் சரி என்றேன்.

போதாக்குறைக்கு, நம் வழக்கப்படி மூவரும் கல்யாணத்துக்குச் சீர் ஏற்றுக்கொண்டார்கள். காந்தெலாரியா அக்கா கோயில் பாட்டுக்காரர்களை ஏற்றார், பெச் அண்ணன் கேக்கை ஏற்றார், நாகிப் ஐயா மண்டபத்தை ஏற்றார். "எஞ்சட்டை உன் உடம்புல இல்லேன்னா கேக் திரும்பி வீட்டுக்குப் போகும், பார்த்துக்க" என்றார் பெச் அண்ணன். "மண்டபத்துச் சாவி எம்பையிலதான் இருக்கு தம்பி" என்றார் நாகிப் ஐயா. அக்கா சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலைத் திறந்து மூடினார்.

யோசனை சொன்னது உன் உடன்பிறப்புதான். "மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா மாட்டுங்க. கோயிலுக்குக் காந்தெலாரியா அக்கா மட்டுந்தான் வருவாங்க, அவங்க சட்டை மேல இருக்கட்டும். கேக் வர்றப்ப ஒண்ணை உரிங்க, மண்டபத்துல ஒண்ணை உரிங்க, வெங்காயம் மாதிரி." சரி என்றேன். "எந்தம்பி அனுப்புனது? அதைப் போடலேன்னா அவன் மனசு நோகாதா? எல்லாத்துக்கும் அடியில போடுங்க. யார் பார்க்கப்போறா?" அடுப்பு மாதிரி வெயிலில் நாலு சட்டை, மச்சான்! கை இரண்டும் உடம்போடு சேரவில்லை. கோயில் வாசலில் இத்செல் என்னைப் பார்த்து, "அப்பா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க, ஏன் இப்படி ஊதிட்டீங்க?" என்றாள். "பாசத்துல நெஞ்சு விம்முதும்மா" என்றேன்.

உள்ளே போனால் மூவரும் முன்வரிசையில்! காந்தெலாரியா அக்கா பூரித்துப்போனார், பெச் அண்ணன் முகம் கறுத்தது, நாகிப் ஐயா சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்க ஆரம்பித்தார். எப்படியோ பீடம் வரை போய்ச் சேர்ந்தேன். பாதிரியார் மோதிரம் கேட்டார். விடியற்காலையில் பத்திரமாகப் பைக்குள் போட்டது நினைவிருக்கிறது, எந்தப் பை என்பது நினைவில்லை. ஒரு குவாயபேராவுக்கு நாலு பை. மேல் சட்டையில் சீப்பு, கண்ணாடி, எலுமிச்சை மிட்டாய், எவனோ கொடுத்த லாட்டரிச் சீட்டு. மோதிரம் இல்லை. "அபெலார்தோ, இன்னைக்கே கிடைக்குமா, இல்ல அடுத்த வாரம் வச்சுக்கலாமா?" என்றார் பாதிரியார். காம்பெச்சேயிலிருந்து வந்த சம்பந்தியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, "மோதிரமே இல்லாத கல்யாணமா? எழுந்திருடா மகனே" என்று கிளம்பிவிட்டாள். இத்செல் கண்ணில் தண்ணீர். என் மானம் போனால் போகட்டும் என்று சட்டையைக் கழற்றினேன்.

அடியில் பெச் அண்ணன் சட்டை. அவர் எழுந்து நின்று கைதட்ட, அக்கா உட்கார்ந்து பல்லைக் கடித்தார். அதிலும் மோதிரம் இல்லை. அதையும் கழற்றினேன். நாகிப் ஐயா "லினன்! லினன்!" என்று கத்தினார். நாலு பையும் காலி. சம்பந்தியம்மா வாசலுக்கே போய்விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அதையும் கழற்றினேன். அடியில் நீ அனுப்பியது, முதுகில் கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில், அக்குளில் விலை அட்டை தொங்க. அதற்கு ஒரே ஒரு பை. அதில் இருந்தன இரண்டு மோதிரமும்.

மூவரும் எழுந்து பீடத்துக்கே வந்தார்கள். போச்சு, கேக்கும் போச்சு மண்டபமும் போச்சு என்று நின்றேன். பெச் அண்ணன் என் விலாப்பக்கத்துத் தையலைப் பிடித்து இழுத்து, "இது தைச்சதா, ஒட்டுனதா?" என்றார். "பட்டன் ஓட்டையைப் பாருங்கண்ணே, எலி கடிச்சாப்ல இருக்கு" என்றார் அக்கா. அண்ணே என்றார், மச்சான்! நாகிப் ஐயா ஓரத்தைக் கசக்கி, "துணியா இது? தீக்குச்சி காட்டுனா உருகி ஓடும், வாங்க நீங்களும் தொட்டுப்பாருங்க" என்று அந்த இரண்டு பேரின் கையையும் பிடித்து இழுத்தார். பாதிரியாரும் இறங்கி வந்து தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார். "யப்பா, முதல்ல அந்த மோதிரத்தைக் குடுங்க!" என்று இத்செல் போட்ட சத்தத்தில்தான் சம்பந்தியம்மா வாசலிலிருந்து திரும்பினாள், கல்யாணமும் நடந்தது.

மண்டபத்தில் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே தட்டுப் பன்றிக்கறியை எடுத்து எடுத்து, உன் சட்டையைத் திட்டித் தீர்த்தார்கள். யாரோ கொட்டிய சோடாவை அதை வைத்துத் துடைத்தார்கள், அதற்கும் ஆகவில்லை, தண்ணீரையே உறிஞ்சவில்லை. அந்த மேசையைப் பார்த்து நான் அழுதேன் மச்சான், கேட்டவர்களிடம் வேர்வை என்றேன். இப்போது மூவரும் சேர்ந்து எனக்கு ஒரே சட்டை தைக்கிறார்கள். துணி நாகிப் ஐயா, வெட்டு பெச் அண்ணன், பூவேலை அக்கா. ஆகவே இனி உயிருள்ளவரை எனக்கு மாலில் சட்டை வாங்கி அனுப்பாதே. அனுப்பினால் உறவு இல்லை.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் பெண்டாட்டிக்கு உன் அக்காவின் அன்பு. மாதா உங்களையும் உங்கள் துணிமணிகளையும் காக்கட்டும்.

உன் பிரியமுள்ள,
அபெலார்தோ கவுவிச்

பி.கு.: கடிதத்தை மடித்து உறைக்குள் போடும்போது தெருவில் சத்தம். சட்டை தயார், கையில் வாங்கினால் பறந்துவிடும் போல அவ்வளவு அழகு. ஆனால் கழுத்தில் யார் கடை லேபிள் வைப்பது என்பதில் மூவருக்கும் முட்டிக்கொண்டு, பேச்சு மறுபடி நின்றுவிட்டது. சட்டை யாருக்கும் சொந்தமில்லாமல் அக்கா கடை ஜன்னலில் தொங்குகிறது. ஆகவே மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு, அதே மாலில், அதே கடையில், உடனே இன்னொரு சட்டை வாங்கி அனுப்பு. போன தடவையைவிட மட்டமாகப் பார்த்து வாங்கு.