பேயோட்டம்

இனி வாங்கும் காரை நானே தேர்ந்தெடுப்பேன், நானே ஓட்டுவேன். இவ்வாறு ஒரு ஞாயிற்றுக்கிழமை உறுதி பூண்டேன். பூண்ட வேளையில் என் மனைவி வீட்டில் இல்லை என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு செங்குத்தான ஒரு தெருவின் உச்சியில் இருக்கிறது. மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் எதிர்வீடு மறைந்துபோகும். அதன் வாசற்கதவு மட்டும் அந்தரத்தில் தொங்கும். எங்கள் பழைய காருக்கு முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். சென்ற மழையில் பாதி ஏற்றத்தில் அவை வழுக்கிச் சுழல, கார் எங்கள் இருவரையும் சுமந்துகொண்டு வந்த வழியே ஓசையின்றித் திரும்பிப் போயிற்று. யாரோ பின்னாலிருந்து பொறுமையாக இழுப்பது போலிருந்தது. குறுக்கே நின்ற குப்பைத்தொட்டிதான் எங்களைக் காத்தது. ஸ்டியரிங் அப்போது அவள் கையில் இருந்தது. எப்போதும் அவள் கையில்தான் இருக்கும். பக்கத்தில் அமர்ந்து கைப்பிடியைப் பற்றிக்கொள்வது மட்டுமே எனக்கு ஒதுக்கப்பட்ட பணி.

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா வாங்கணுங்க. காலையில நான் போய் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைத் திறந்தாத்தான் ஆஸ்பத்திரியே நகரும்."

"வாங்கலாம். ஆனா பாக்கக் கம்பீரமா இருக்கணும். சீறணும்."

"சீறட்டும். பின் சீட்டை மடக்கினா வாஷிங் மெஷின் போகணும்."

"வாஷிங் மெஷினை என்ன, தினமும் வேலைக்குக் கூட்டிட்டா போகப்போறோம்?"

"உங்களைக் கூட்டிட்டுப் போறேனே!"

அந்த ஒரு சொல்தான் என் உறுதிக்கு உரமிட்டது.

நான் ஒரு நாளேட்டில் பிழை திருத்துபவன். மறுநாள் விளம்பரப் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. 'நான்கு சக்கரமும் இழுக்கும் கார். உள்ளே இடம் தாராளம். பேயோட்டும்.' வேகத்தைச் சொல்ல வந்தவர் உகரத்தில் இடறியிருக்கிறார் என்று இரக்கப்பட்டேன். அந்த உகரத்தை நீக்கிப் 'பேயோட்டம்' ஆக்கினேன். மாலையே காரையும் பார்க்கப் போனேன்.

மழையில் நனைந்து கறுப்பாக நின்றது. முன்பக்கம் பந்தயக்காரன், பின்பக்கம் மளிகைக்கடை. விற்றுத்தரும் தரகர் எதற்கும் சிரிப்பவர்.

"ஏத்தத்துல விட்டுப் பாருங்க சார். நாலு காலாலயும் நகத்தை ஊன்றி ஏறும்."

"காருக்கு நகமா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்," என்று சிரித்தார். முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. அதைக் காதல் என்று பிழையாகப் படித்துக்கொண்டேன்.

கார் கிடைத்துவிட்டது. ஸ்டியரிங்கை எவ்வாறு கைப்பற்றுவது? இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது அடிக்கடி செய்வதில்லை; செய்தால் இப்படித்தான் செய்யும். சாப்பிடும்போது குரலைத் தாழ்த்தினேன்.

"அந்தக் கார் ஒரு அம்மாவோடதாம். போய்ச் சேந்துட்டாங்களாம்."

"ஐயோ பாவம்."

"இன்னும் காரை விட்டுப் போகலையாம். பின் சீட்டுலயே உக்காந்திருக்காங்களாம். வேற பொம்பள ஸ்டியரிங்கைத் தொட்டா அவங்களுக்கு ஆகாதாம்."

"செத்தவங்களுக்கு லைசென்ஸ் செல்லுமா?"

"விளையாடாதே. சொல்றப்பவே அவருக்குக் கை நடுங்கிச்சு."

அவள் என்னைக் கண்ணிமைக்காமல் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சரிங்க. அப்ப நீங்களே ஓட்டுங்க."

கோட்டையைப் பிடித்தவன்கூட இவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டான். கார் வீட்டுக்கு வந்தது. நான் ஓட்டினேன், அவள் பக்கத்தில் அமர்ந்து கைப்பிடியைப் பற்றினாள். ஈரமான ஏற்றத்தில் நான்கு சக்கரமும் இழுத்தன. என் மீசையும் தானாக ஏறிற்று.

அந்த ஏற்றம் நீடிக்கவில்லை.

ஒருநாள் காலையில் காருக்குள் அமர முயன்றேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கை முன்னோக்கி நகர்ந்திருந்தது. நடுக்கண்ணாடியில் பின்சாலை தெரியவில்லை. என் சட்டைப் பொத்தான் தெரிந்தது. சரிசெய்தேன். மறுநாளும் அவ்வாறே. அதற்கு மறுநாள், ஏதோ தோன்றி, காரின் முன்மூடியைத் தொட்டுப் பார்த்தேன். சுற்றிலும் பனி சில்லிட்டிருந்தது. மூடி மட்டும் வெதுவெதுப்பாக, காய்ச்சல்காரனின் நெற்றி போல இருந்தது.

"ஏம்மா, ராத்திரி முழுக்க நின்ன வண்டி எப்படிச் சுடும்?"

"எனக்கென்ன தெரியும்? உங்க அம்மாவைத்தான் கேக்கணும்."

"எங்க அம்மாவா?"

"பின் சீட்டு அம்மாங்க!"

"சீட்டு அவ்வளவு முன்னால வந்திருக்கு. பேய் ரொம்பக் குட்டையா இருக்கும்போல."

அவள் கரண்டியை ஓசையுடன் வைத்தாள். "ஏங்க, பேயிலகூடவா குட்டை நெட்டை பாப்பீங்க?"

மாலைவரை என்னோடு பேசவில்லை. பேயின்மேல் அவளுக்கு ஏன் இத்தனை பரிவு என்பது எனக்கு விளங்கவில்லை.

இருக்கையைப் பொறுத்துக்கொண்டேன். சூட்டையும் பொறுத்துக்கொண்டேன். மணியைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் தனியே பனிக்குள் வந்துகொண்டிருந்தேன். 'டிங்' என்றது. ஸ்டியரிங்கின் பின்னே சிவப்பாகச் சிறு மனித உருவம் ஒன்று ஒளிர்ந்தது. பின்னால் அமர்ந்திருப்பவர் பெல்ட் அணியவில்லை என்பது அதன் பொருள்.

பின்னால் எவரும் இல்லை. பையோ குடையோகூட இல்லை.

டிங். டிங்.

திரும்பிப் பார்த்தேன். தோலிருக்கையில் ஆள் அமர்ந்தாற்போல் ஒரு பள்ளம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒருவர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தால் ஆழமாவது போல, அது சற்றே ஆழமாயிற்று.

அப்போதுதான் விளம்பரம் நினைவுக்கு வந்தது. பேயோட்டும். பேய் ஓட்டும். அந்த வரியில் பிழையே இருந்திருக்கவில்லை! பிழை இருந்தது திருத்தியவனிடத்தில்.

வீட்டுக்கு எவ்வாறு வந்தேன் என்று தெரியாது. மாலையில் அவள் காலடியில் சாவியை வைத்தேன்.

"இனிமே நீயே ஓட்டு தாயே!"

"ஐயையோ, அவங்களுக்குத்தான் பொம்பளைங்க ஓட்டினா ஆகாதே?"

"நீ கொஞ்சம் பேசிப் பாரேன். பொம்பளையும் பொம்பளையும் பேசினா ஒரு வழி பிறக்கும்."

அவள் பெருமூச்சு விட்டு எழுந்தாள். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். நான் சன்னல் வழியே பார்த்தேன். பனிக்குள் அவள் உதடுகள் அசைந்தன. பின்னிருக்கையை நோக்கித் தலை சாய்த்துக் கேட்டாள். ஒருமுறை சிரித்தாள். எனக்கு வியர்த்தது.

"ஒத்துக்கிட்டாங்க," என்றாள் திரும்பி வந்து. "ஒரே ஒரு நிபந்தனை. முன்னால உக்காந்து நீங்க யோசனை சொல்லக் கூடாதாம். பின்னால உக்காரணுமாம்."

"அவங்க பக்கத்துலயா?"

"அது உங்க ரெண்டு பேர் பாடு."

மறுநாள் மழை. பெல்ட்டை இறுக மாட்டிக்கொண்டு பின்னால் ஒடுங்கினேன். அவள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். ஓட்டுநர் இருக்கை தானாக முன்னே நகர்ந்து, பழகிய நாய்போல் சரியான இடத்தில் நின்றது. வளைவுகளில் வழுக்காமல், ஏற்றங்களில் தயங்காமல் கார் அவளுக்குப் பணிந்து ஓடியது.

"முதல் தடவை ஓட்டுற மாதிரியே தெரியலையே," என்றேன்.

"முதல் தடவைன்னு யாரு சொன்னா? தினமும் விடியக்காலையில நீங்க குறட்டை விடுறப்ப ஆத்துப்பாலம் வரைக்கும் போயிட்டு வருவேனே! என் உயரத்தை இந்தப் பொத்தான்ல பதிஞ்சு வெச்சிருக்கேன். சீட்டு நான். கண்ணாடி நான். சூடும் நான்."

"அடிப்பாவி! அந்த அம்மா?"

"எந்த அம்மாங்க? இந்தக் காருக்கு முந்தின ஓனர் ஒரு பல் டாக்டர். ஆம்பள. கல்லுக் குண்டு மாதிரி உயிரோட இருக்காரு. போன மாசம் எனக்குக் கடவாப்பல்லு பிடுங்கினாரே, அவருதான். 'காரை விக்கிறேன்'னாரு. தரகர்கிட்ட சொல்லி, எங்க வீட்டுக்காரர் வேலை பாக்கிற பத்திரிகையில விளம்பரம் போடுங்கன்னு நான்தான் சொன்னேன். இந்தக் காரை வாங்குங்கன்னு நானே சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா?"

வெட்கத்தினூடே ஒரு பெரும் நிம்மதி என்னுள் பரவிற்று. பேயில்லை! தோற்றாலும் உயிருள்ள மனைவியிடம்தான் தோற்றிருக்கிறேன்.

"அப்ப அந்த மணியும் நீதானா!"

"எந்த மணி?"

டிங்.

குனிந்து என் பெல்ட்டைப் பார்த்தேன். மாட்டியிருந்தது. எனக்குப் பக்கத்து இருக்கையில் பள்ளம் மெல்ல விழுந்துகொண்டிருந்தது. நடுக்கண்ணாடியில் என் மனைவியின் கண்கள் என்னையும் தாண்டிப் பக்கத்தில் பார்த்தன. முதன்முறையாக அவற்றில் சிரிப்பு இல்லை.

டிங். டிங்.

பார்வையைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டி, அந்தக் காலி இருக்கைக்கும் பெல்ட் மாட்டிவிட்டேன். மணி நின்றது.

"அப்படியே பேச்சுக் கொடுத்துக்கிட்டே வாங்க," என்றாள் மனைவி. "நான் ரோட்டைப் பாக்கணும்."