வேண்டாமென்று நான் எழுதிய எலுமிச்சை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அண்ணி நலம், என் முழங்கால் பாதி நலம். பால்கனியில் வைத்த தக்காளிச் செடி மட்டும் நலமாக இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது இருக்காது என்று நினைக்கிறேன். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் மாடுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் எலுமிச்சை மூட்டை வந்து சேர்ந்தது. வருஷா வருஷம் சந்தையில் வாங்கி இவ்வளவு தூரம் அனுப்ப வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். கேட்டால் நிறுத்திவிடுவாய் என்பதால் கேட்பதில்லை.

உன் கடிதம் கிடைத்தது. "அண்ணே, ரிட்டயர் ஆகி மூணு வருஷமாச்சு. மாடியில ஒரு ரூம் கட்டியிருக்கேன், நீங்களும் அண்ணியும் வந்து இருங்க. இருக்க முடியாட்டி சும்மா பார்த்துட்டாவது போங்க. அடுத்த மாசம் கிழக்குப் பக்கத்தைச் சுத்தம் பண்ணப்போறேன், அதுக்கு முன்னாடி வந்தா நல்லது" என்று எழுதியிருந்தாய். கிழக்குப் பக்கம் புல்லும் புதரும்தானே இருக்கும்? அதை வெட்ட என்னை எதற்குக் கேட்க வேண்டும்? தாராளமாக வெட்டு. வருவது பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை முயன்றேன். நம் போன் பேச்சு உனக்குத் தெரியாததா? நீ "அண்ணே, சாப்டீங்களா?" என்பாய், நான் "ஆச்சு, நீ?" என்பேன், இரண்டு பேரும் போனை வீட்டுக்காரிகளிடம் கொடுத்துவிடுவோம். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு அது நம் கைக்குத் திரும்பாது.

முதலிலிருந்தே சொல்கிறேன். முப்பத்துநாலு வருஷம் பாடம் நடத்தியவனுக்கு நடுவிலிருந்து ஆரம்பிக்க வராது. நம் குடும்பத்தில் எல்லாரும் விவசாயம் செய்தார்கள், விவசாயம் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பா என் பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் "பெரியவன் சொல்லுவான், சின்னவன் செய்வான்" என்றார். அன்றைக்கே நமக்குள் வேலை பிரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் விவசாய ஆசிரியர் வேலைக்கு ஒரே ஒரு வருஷம் என்று சொல்லிச் சேர்ந்தேன். அந்த ஒரு வருஷம் முடிய முப்பத்துநாலு வருஷம் ஆயிற்று. உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். களையெடுப்பதைப் பற்றி எழுபது தடவையாவது வகுப்பெடுத்திருப்பேன். களைக்கொட்டு என்கிற கொத்துக் கருவியைக் கையில் பிடித்தது ஒரே தடவை, பள்ளி ஆண்டு மலருக்குப் படம் எடுக்க வந்தபோது. அதையும் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று மலர் அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் எனக்கு உரமூட்டை என்று பெயர் வைத்தார்கள். வைத்தவன் இப்போது எங்கள் தெருமுனையில் காய்கறிக் கடை போட்டிருக்கிறான், எல்லாம் சொந்த நிலத்தில் விளைந்தது. போன மாதம் அவன் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "சார், நீங்க நடத்தின பாடம் ஒண்ணுகூட மறக்கலை. அதுல எதையெல்லாம் செய்யாம விட்டேனோ, அதெல்லாம் நல்லா வந்துச்சு." சொல்லிவிட்டு இரண்டு கத்தரிக்காய் கூடுதலாகப் போட்டான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நீ ஒரு பிஸ்கட் டப்பாவில் கிழக்கு நிலத்து மண்ணை நிரப்பி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாய். அறுபது எலுமிச்சங்கன்று வைக்க ஆசை, மண் தாங்குமா பார்த்துச் சொல்லுங்கள் என்று கூடவே ஒரு சீட்டு. மண் மாதிரியை எப்படிப் பத்திரப்படுத்துவது என்பது என் பாடத்தின் முதல் பக்கம். எடுத்த இடம், தேதி எல்லாம் எழுதி ஒட்ட வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, டப்பாவைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன், அது முடிந்தால் என் மகள் சின்னவளுக்குக் காய்ச்சல், அது முடிந்தால் அடுத்த பரீட்சை, இப்படியே நாலு மாசம் ஓடிப்போச்சு, இதுக்கு நடுவுல உன் அண்ணிக்கு யாரோ ஒரு ரோஜாச் செடி கொடுத்தாங்க, தொட்டி இருக்கு, மண் இல்லே, அலமாரியில பார்த்தா ஒரு டப்பா நிறைய மண் இருக்கு, கொட்டிட்டா. நீ இரண்டாவது கடிதம் போட்ட அன்றைக்கு டப்பாவைத் திறக்கிறேன், உள்ளே சர்க்கரை.

"இன்னொரு தடவை மண் அனுப்பு" என்று ஒரு வரி போதும். பட்டதாரி மண்ணைத் தொலைத்துவிட்டான் என்று நீ சிரிப்பாயே என்று கௌரவம் தடுத்தது. உன் மண்தானே தொட்டியில் இருக்கிறது என்று, உன் அண்ணிக்குத் தெரியாமல் நாலு கை மண் தோண்டிக்கொண்டு போய் பள்ளிக்கூடத்தில் தண்ணீரில் கரைத்துச் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தேன். நீலமாக மாறியது பார், அப்படி ஒரு நீலத்தை நான் பாடப்புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. உடனே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். இது காரம் ஏறிய களர் மண், எலுமிச்சை பிழைக்காது, உழைப்பை வீணாக்காதே, தீவனப்புல் போடு. கீழே பட்டத்தோடு கையெழுத்து. நீ ஒரே வரியில் பதில் போட்டாய்: "சரிங்கண்ணே, நீங்க சொன்னா சரிதான்."

பத்து நாள் கழித்து, பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது பார்க்கிறேன், உன் அண்ணி துணி அலசின சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அந்தத் தொட்டியில் ஊற்றுகிறாள்.

"என்ன இது?" என்றேன்.

"தினமும் இதைத்தானே ஊத்தறேன். தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்தறது நீங்கதானே?"

உன் மண்ணில் ஒரு குறையும் இல்லை, தம்பி. களர் இருந்தது சோப்பில். அந்த ரோஜா மஞ்சளாகிப் போனதற்கும் நான் உன் நிலத்தைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்தேன், பேனாவைத் திறந்தேன், "அன்புள்ள தம்பிக்கு" வரைக்கும் வந்தது. ஒரு வருஷம் ஆனதும், ஏன் ஒரு வருஷமாகச் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று பயம். ஐந்து வருஷம் ஆனதும் பயம் ஐந்து மடங்கு. இதை உன் அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை. நீ இங்கே வருவாய், கல்யாணங்களில் பார்த்துக்கொள்வோம், நான் மட்டும் அங்கே வந்ததில்லை. பரீட்சை என்றேன், ஆய்வாளர் வருகிறார் என்றேன், முழங்கால் என்றேன். முழங்கால் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது போன வருஷம்தான். புல் முளைத்துக் கிடக்கும் அந்த நிலத்தை நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மூட்டை வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் "உங்க தம்பி தோட்டமா?" என்று கேட்பார். நான் ஒரு பழத்தை நறுக்கிக் காட்டி, "தோலைப் பாருங்க, சாறைப் பாருங்க, இதெல்லாம் எங்க மண்ணுல வராது" என்று பத்து நிமிஷம் விளக்குவேன். பொய் என்று தெரிந்தே விளக்குவேன்.

சின்னவள் ஒரு நாள், "நானும் விவசாயம் படிக்கட்டாப்பா?" என்றாள். "வேணாம்மா" என்றேன். என் வாழ்க்கையில் நான் உறுதியாகச் சொன்ன இரண்டாவது வேண்டாம் அது. இன்றைக்கு ஏதோ ஒரு அலுவலகத்தில் கண்ணாடி டம்ளரில் ஒரு கொடி வளர்க்கிறாள். நம் வீட்டுப் படிப்பாளிகள் வைத்ததில் பிழைத்தது அது ஒன்றுதான்.

ஆகவே நான் வரமாட்டேன். மாடி ரூமில் உட்கார்ந்து கிழக்கு ஜன்னலைத் திறக்க என்னால் முடியாது. என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டாலும் பதில் போடு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். மாடுகளையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
முதல் தடவையாகப் பட்டம் போடாமல் கையெழுத்திடும்
உன் அண்ணன்.

பி.கு.: என் எழுத்து இப்போது தபால்காரருக்குப் புரிவதில்லை, அதனால் விலாசம் எழுத உன் அண்ணியிடம் கொடுத்தேன். அவள் விலாசத்தை விட்டுவிட்டு முழுக் கடிதத்தையும் படித்துவிட்டாள். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மூட்டையெல்லாம் எந்தச் சந்தையில வாங்கினதுன்னு நினைச்சீங்க?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"சரிங்கண்ணேன்னு உங்களுக்கு எழுதின மறுநாளே அவர் குழி தோண்டிட்டார். அறுபதும் வச்சார். அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு சங்கடப்படும், படிச்சவரைப் பொய்யாக்கின மாதிரி ஆயிடும், யாரும் சொல்லக் கூடாதுன்னுட்டார். இப்ப அதெல்லாம் வயசான மரங்க. வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது உங்களுக்குக் காட்டிடணும்னுதான் இத்தனை தடவை கூப்பிடறார்."

தம்பி, எலுமிச்சை இருபது, இருபத்தைந்து வருஷம் நன்றாகக் காய்க்கும், பிறகு ஓய்ந்துவிடும் என்று வருஷா வருஷம் நடத்தியவன் நான். உன் மரங்கள் கன்றாக நின்று, காய்த்து, ஓய்ந்தும் போய்விட்டன. ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை, தின்றிருக்கிறேன்.

மேலே "தாராளமாக வெட்டு" என்று எழுதியதை அடித்துவிட்டேன். உன் அண்ணி இப்போதே உன் மனைவிக்குப் போன் போட்டாள். ஆள் கிடைத்ததால் போன வாரமே ஆரம்பித்து நாற்பதை வெட்டியாகிவிட்டதாம். மீதி இருபதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறோம். தக்காளிச் செடியும் வருகிறது, பிழைக்குமா என்று நீ பார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. இதில் இருப்பதை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் வந்ததும் உன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ படித்து முடிக்கும்வரை நான் கிழக்குப் பக்கம் போய் அந்த மரங்களுக்குக் கீழே நிற்கிறேன். மெதுவாகப் படி.