இடப்பக்கம் உங்களுடையது, வலப்பக்கம் என்னுடையது

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும். இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக அக்கா. மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் வீடு மாறியபோது அந்தக் குட்டி ரயில் எஞ்சினை என் தலையில் கட்டினீர்கள். நிஜ நீராவி எஞ்சினை ஆட்டுக்குட்டி அளவுக்குச் சுருக்கியது, கரி போட்டால் எரியும், தண்ணீர் கொதிக்கும், பின்னால் கோத்த பின்வண்டியில் பெரியவர்களே உட்கார்ந்து போகலாம் என்றெல்லாம் சொன்னீர்கள். "முக்கால்வாசி முடிச்சிட்டேன் மச்சான். பெயின்ட் அடிச்சா ஓட வேண்டியதுதான்" என்றீர்கள். நான் இயற்பியல் படித்தவன். நீராவியைப் பற்றி எந்தத் தேர்வில் கேட்டாலும் பக்கம் பக்கமாக எழுதியவன். ஆனால் எந்தக் கேள்வித்தாளிலும் உங்கள் பிஸ்கட் டப்பாவைப் பற்றிக் கேட்டதில்லை. அதற்குள் பெயரில்லாத திருகுகள், பாதி அறுத்த கம்பிகள், ஒரு சட்டைப் பொத்தான், எஞ்சின் பக்கவாட்டில் திருக வேண்டிய பித்தளைப் பெயர்த்தகடு ஒன்று. அதில் பெயர் வெட்டவில்லை. எஞ்சினின் இடப்பக்கம் முழுதாக இருந்தது. வலப்பக்கத்தில் சக்கரம் தவிர ஒன்றுமில்லை. முன்சுவரை மட்டும் எழுப்பிவிட்டு வீடு முக்கால்வாசி முடிந்தது என்று சொல்லும் கொத்தனார்கூட உங்களைப் பார்த்தால் கூச்சப்படுவார்.

அன்றே திருப்பித் தந்திருப்பேன். ஆனால் உங்கள் மகள் வேலையில் சேர்ந்ததற்குக் கொடுத்த விருந்தில், எல்லார் முன்னாலும், "மச்சான் ஆரம்பிக்கிறதுல புலி. முடிக்கத்தான் வேற ஆள் வைக்கணும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நீங்கள் மறந்திருப்பீர்கள். அப்போது நீங்கள் சாய்ந்திருந்த நாற்காலியின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது, பச்சை.

ஆகவே மாடி அறையில் உலோகம் கடைய ஒரு சின்ன லேத் வாங்கிப் போட்டேன். நான் கடைந்த முதல் பிஸ்டன் சிலிண்டருக்குள் போக மறுத்தது. இன்னும் கொஞ்சம் கடைந்தேன், போனது, மறுபக்கம் வழியாக வெளியே வந்து என் காலில் விழுந்தது. வீடெங்கும் பித்தளைச் சுருள். "என்னங்க, சீப்புல பித்தளை வருது. முடி கொட்டுறது உங்களுக்கா, எஞ்சினுக்கா?" என்று என் மனைவி கேட்டாள். இப்படிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எஞ்சின் எப்போது முடிவது?

அடுத்தது கொதிகலன். எஞ்சினை ஓட்டுவதற்கு முன்னால் அதில் தண்ணீரை நிரப்பி, கைப் பம்பால் அழுத்தி, தாங்குகிறதா என்று எங்கள் குட்டி ரயில் சங்கத்தில் சோதிப்பார்கள். சோதிப்பவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாய்க்குள் விடும் அதே சின்னக் கண்ணாடியைக் கரி எரியும் நெருப்புப் பெட்டிக்குள் விட்டு, "ம்... ம்..." என்று பார்த்தார். எனக்கே கூசியது. பம்பை அழுத்தினேன். நீங்கள் பெருமையாகப் பற்றவைத்த மூட்டுகளிலிருந்து தண்ணீர் பொடிப்பொடியாகப் பீய்ச்சி அவர் சட்டையை நனைத்தது. அவர் நகரவே இல்லை. "இது கொதிகலன் இல்லீங்க, பூவாளி. சொத்தை நிறைய இருக்கு. வெள்ளி வச்சு அடைச்சிடலாம்" என்றார். அப்படியே வெள்ளிப் பற்று வைத்து அடைத்தார். யாருடைய வேலை என்று கேட்டார். உங்கள் உறவுமுறையை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

பிறகு எங்கள் மாடி அறையில் எஞ்சினைக் கட்டைமேல் ஏற்றி, சக்கரம் அந்தரத்தில் நிற்க, நீராவிக்குப் பதிலாகக் காற்றடித்துப் பார்த்தோம். நடுங்கியது. உறுமியது. சக்கரம் மட்டும் அசையவில்லை. டாக்டர் சக்கரத்தைச் சுழற்றும் வலப்பக்கத் தண்டைக் கழற்றினார். இடப்பக்கம் மட்டும் அழகாக முன்னோக்கிச் சுற்றியது. அதைக் கழற்றி இதை மாட்டினார். வலப்பக்கம் மட்டும் அதைவிட அழகாகப் பின்னோக்கிச் சுற்றியது. "ஒரே வண்டியில ரெண்டு பேர் ரெண்டு ஊருக்குக் கிளம்பியிருக்காங்க" என்றார். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ரிப்பேர்லாம் இல்ல, உறவுல வந்த கோளாறு" என்று சொல்லிக் கீழே போய்விட்டாள்.

ஒரு பக்கத்தை மாற்றினால் தீர்ந்தது. எந்தப் பக்கத்தை? அக்காவுக்குப் போன் செய்தேன். பக்கத்திலேயே நீங்கள் முணுமுணுப்பது கேட்டது.

"அவர் பக்கம் சரியாம்டா. உன்னுதை மாத்திக்கணுமாம்."

"என் பக்கமும் சரிதான்னு சொல்லுக்கா."

"அவர் சிரிக்கிறாரு."

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. போனை வைத்துவிட்டு உங்கள் பக்கத்தைப் பிரித்து என் பக்கத்தோடு ஒத்துப்போக வைத்தேன். எஞ்சின் ஒருமனதாகச் சுற்றியது. போன வாரம் பூங்காத் தண்டவாளத்தில் வைத்துக் கரி மூட்டி, பின்வண்டியில் நான் ஏறி உட்கார்ந்து, திசை மாற்றும் நெம்புகோலை முன்னால் தள்ளினேன். எஞ்சின் பின்னால் கிளம்பியது. பின்னால் டாக்டர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரையும் நாற்காலியையும் அள்ளிக்கொண்டு நாங்கள் செடிப்புதருக்குள் போய் நின்றோம். அவர் கோப்பையை மட்டும் சிந்தாமல் தூக்கிப் பிடித்திருந்தார். நெம்புகோலைத் தலைகீழாக மாட்டியது யார்? நீங்கள். 'முன்னால் தள்ளினால் பின்னால் போகும்' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். தீர்ந்தது.

இப்போது கேள்விப்படுகிறேன்: வரும் ஞாயிறு சங்கத்தில் எல்லாரும் பார்க்க எஞ்சின்கள் ஓடும் நாள், அதற்கு "நான் செஞ்ச எஞ்சின் ஓடப்போகுது, வாங்க" என்று உறவுக்காரர் அத்தனை பேரையும் அழைத்திருக்கிறீர்களாம். நீங்கள் செய்தது பூவாளி. எஞ்சின் நான் செய்தது. அன்று ஒலிபெருக்கியில் ஒரே ஒரு பெயர்தான் சொல்வார்கள். அது என்னுடையதாக இருக்கும். அதைக் கேட்க நீங்கள் வர வேண்டியதில்லை. வந்தாலும் பின்வண்டியில் இடமில்லை.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் மகள் எல்லா வளமும் பெற்று, தாய்மாமனைப்போல் எடுத்த காரியத்தை முடிப்பவளாக விளங்க வாழ்த்துகள்.

பி.கு.: ஞாயிறு காலையில் சீக்கிரமே வந்துவிடுங்கள். எஞ்சினின் முன்பக்கத்தை என்னால் தூக்க முடிகிறது, பின்பக்கத்துக்கு ஆள் வேண்டும். டாக்டர் செடியில் விழுந்ததிலிருந்து முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பழைய சட்டை போட்டு வாருங்கள், எண்ணெய் தெறிக்கும். உங்கள் பக்கத்தை நேற்று பழையபடியே மாற்றி வைத்துவிட்டேன். என் பக்கத்தை அதற்குத் தகுந்தபடி திருப்பிவிட்டேன். முன்னால் தள்ளினால் முன்னால் போகிறது. சீட்டைக் கிழித்தாயிற்று. இதற்கு விளக்கம் கேட்கக் கூடாது, அக்காவிடம் சொல்லவும் கூடாது. பின்வண்டியில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்கிறது, அளந்து பார்த்தேன்.

ஒலிபெருக்கியில் சொல்லப் பெயர் கேட்டார்கள். இன்னும் கொடுக்கவில்லை. பித்தளைத் தகட்டை மெருகேற்றித் திருகிவிட்டேன், அதிலும் எதுவும் வெட்டவில்லை. கையெழுத்துப் போட்டால் இந்தக் கடிதத்தை விருந்துக்கு விருந்து எடுத்து வாசிப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். யார் எழுதியது என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவேன்.